பும்புனில் ஓர் இரவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளி விடுமுறையில் மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாராவுக்குச் செல்லவிருக்கிறோம். அங்குள்ள 'பும்புன்' என்னும் மரக்குடிலில் இரவு தங்கினால் விலங்குகளைப் பார்க்கலாம் என்கிறார்கள். அவ்வளவு பெரிய காட்டில் அந்தக் குடிலின் முன்னால் விலங்குகள் ஏன் வர வேண்டும்? (வாசகி, கிள்ளான்)

பதில்: குடில் கட்டப்படுவதற்கு முன்பே விலங்குகள் வந்துகொண்டிருந்த இடங்கள் அவை. தாமான் நெகாரா பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் மழைக்காடு. அங்கே இலைக்கும் தழைக்கும் பஞ்சமே இல்லை, பஞ்சம் உப்புக்குத்தான். ஆண்டு முழுவதும் கொட்டும் மழை மண்ணிலுள்ள சோடியத்தைக் கரைத்து ஆற்றில் சேர்த்துவிடுகிறது. இலைகளில் பொட்டாசியம் மிகுதியாகவும் சோடியம் மிகக் குறைவாகவும் இருப்பதால், நாள் முழுவதும் தழை தின்னும் யானைக்கும் மானுக்கும் காட்டெருமைக்கும் வயிறு நிறைந்தாலும் உப்புக் குறை தீர்வதில்லை. காட்டில் ஆங்காங்கே உவர்மண்ணும் உவர்நீர்ச் சேறும் உள்ள திட்டுகள் இருக்கின்றன. மலாயில் அவற்றை 'ஜெனுட்' என்பார்கள். பும்புன்கள் இந்த ஜெனுட்டுகளைப் பார்த்தபடிதான் கட்டப்பட்டிருக்கின்றன. விலங்குகள் அந்தச் சேற்றை நக்குகின்றன, கலங்கல் நீரைக் குடிக்கின்றன. சில இலைகளிலுள்ள நச்சுப்பொருள்களைக் களிமண் பற்றிக்கொள்வதால் குடலுக்கும் அது நன்மை செய்கிறது. சில இடங்களில் வனவிலங்குத் துறையினரே உப்பு இட்டுச் செயற்கையான ஜெனுட்டுகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

புலிக்கு இந்தக் கவலை இல்லை. அதற்கு வேண்டிய உப்பு மானின் இரத்தத்திலும் இறைச்சியிலும் கிடைத்துவிடுகிறது.

பும்புன் என்ற மலாய்ச் சொல், வேடன் தழைகளுக்குள் மறைந்திருக்கும் இடத்தைக் குறித்தது. நம் இலக்கியத்திலும் தினைப்புனம் காக்கும் பெண்களுக்குப் பரண் உண்டு, இதணம் என்பார்கள். அங்கே குரலெழுப்பிக் கிளியை விரட்டுவதுதான் வேலை. இங்கே மூச்சுக்கூடக் கேட்காதபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஓர் இரவு தங்கினால் என்னென்ன பார்க்கலாம்? புலியைப் பார்க்க வாய்ப்பு உண்டா? (வாசகர், ஈப்போ)

பதில்: ஒன்றையும் பார்க்காமல் திரும்பவும் வாய்ப்பு உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என அரசின் கணக்கெடுப்பே கூறுகிறது. ஆகவே புலியை எண்ணிப் போகாதீர்கள். சாம்பர் மான், கேளையாடு, காட்டுப்பன்றி ஆகியவற்றையும், பொறுமையும் கொஞ்சம் யோகமும் இருந்தால் தாப்பிர் என்னும் கறுப்பு வெள்ளை விலங்கையும் பார்க்கலாம்.

நான் மூன்று முறை பும்புன் கும்பாங் என்னும் குடிலில் தங்கியிருக்கிறேன். பூங்காவின் நுழைவாயிலான கோலா தாஹானிலிருந்து தெம்பிலிங் ஆற்றில் படகேறிச் சென்று, பின்னர் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடந்தால், உயரமான தூண்கள்மேல் நிற்கும் அந்தக் குடிலை அடையலாம். உள்ளே பலகைக் கட்டில்களும், திறந்த வெளியைப் பார்த்தபடி நீளமான திறப்பும் இருக்கும். முதல் இரண்டு இரவுகளிலும் சில்வண்டுகளின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கிட்டவில்லை. மூன்றாம் முறை, நள்ளிரவு தாண்டிய வேளையில், வெளிறிய மூட்டை ஒன்று தரைக்குச் சற்று மேலே தானாக நகர்வதுபோல் தெரிந்தது. தாப்பிரின் தலையும் கால்களும் கறுப்பு, இடுப்பைச் சுற்றிய பகுதி மட்டும் வெள்ளை என்பதால், இருட்டில் அந்த வெள்ளை மட்டுமே கண்ணில் படும். முழு உருவம் எது என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. அது சேற்றருகே நின்று, குட்டைத் துதிக்கை போன்ற மூக்கை நாற்புறமும் தூக்கி மோப்பம் பிடித்தது. பிறகுதான் குனிந்தது. சளப், சளப் என்று அது நீர் குடிக்கும் ஓசை எங்கள் இடம்வரை கேட்டது. கால் மணி நேரம் போயிருக்கும்; பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார், மூட்டை மறைந்துவிட்டது. முந்நூறு கிலோ எடைவரை வளரக்கூடிய அந்தப் பிராணி ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காமல் போனதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

காலையில் சேற்றில் அதன் தடங்களைப் பார்த்தோம். முன்னங்காலில் நான்கு விரல்கள், பின்னங்காலில் மூன்று. தாப்பிர் பன்றிக்கு உறவல்ல, குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவு என்பதைத் தடத்தை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

கேள்வி: டார்ச் விளக்கு அடிக்கலாமா? வேறு எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகர், பினாங்கு)

பதில்: வெள்ளை ஒளியைத் தவிருங்கள். இரவில் நடமாடும் பாலூட்டிகளின் கண்கள் மங்கிய ஒளிக்குப் பழகியவை. சிவப்பு நிறம் அவற்றுக்கு அவ்வளவாக உறைக்காது என்பதால், டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்வது வழக்கம். அதில் நமக்கும் ஒரு நன்மை இருக்கிறது: நம் கண் இருட்டுக்குப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும், ஒரே ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும்.

ஒளியைவிட வாசனை பொல்லாதது. தாப்பிருக்குப் பார்வை மந்தம், மோப்பமும் செவியும் கூர்மை. வாசனைத் திரவியம், கொசு விரட்டும் சுருள், சிகரெட், சூடான மீ கோரெங் எதுவும் குடிலுக்குள் வேண்டாம். உணவுப் பொருள்களை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். என் ரொட்டிப் பொட்டலத்தைத் துணிப்பைக்குள் வைத்து, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். விடிந்து பார்த்தால் பையில் எலி போட்ட ஓட்டைதான் மிச்சம்.

கேள்வி: எந்த மாதத்தில் செல்வது நல்லது? (வாசகி, சிரம்பான்)

பதில்: வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் மழை பெய்யும், அட்டையும் ஏறும். நீளமான காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்துச் செல்லலாமா? (வாசகி, ஜொகூர் பாரு)

பதில்: பும்புன் கும்பாங் வேண்டாம், அம்மா. பிள்ளையை இரவெல்லாம் பேசாமல் இருக்கச் சொல்வது அதற்கும் தண்டனை, மற்றவர்களுக்கும் தண்டனை. கோலா தாஹானில் தங்குமிடத்துக்கு அருகிலேயே பும்புன் தாஹான் இருக்கிறது. இருட்டிய பின் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு, பிள்ளைக்குத் தூக்கம் வந்ததும் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடலாம்.