விளையாட்டில் ஒரு கூட்டு – கடிதம்

அன்புள்ள அக்கா,

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது சின்ன மலைக் கிராமத்திலிருந்து, எழுதுகிறேன். கோவையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் இப்போது வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. கூடப் படித்தவர்கள் யாரும் ஊரில் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் கல்யாணம், குழந்தை என்று ஆகிவிட்டார்கள். பனி இறங்கிவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வெளியே காட்டெருமை நிற்கும்.

அப்படித்தான் பாலியா விளையாட ஆரம்பித்தேன். முதலில் தனியாக. பிறகு நாலு பேரோடு ஆடினால் நன்றாக இருக்குமே என்று ஒரு பெரிய குழுவில் சேர்ந்தேன். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நூற்றுக்கணக்கான பேர். வாரத்துக்கு இத்தனை நாள் வர வேண்டும், குரல் அரட்டையில் இருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட விதிகள். நவம்பர் மழையில் மண் சரிந்து கேபிள் அறுந்து, பல நாள் இங்கே இணையம் இல்லை. திரும்பிப் போனால், காரணம் சொல்லாமல் காணாமல் போனவர்கள் பட்டியலில் என் பெயர். அதை விட்டுவிட்டு ஒரு தமிழ்க் குழுவுக்குப் போனேன். கலகலப்பாகத்தான் இருந்தது. ஆனால் வந்த சூட்டோடு ஒருவர் எந்த ஊர், என்ன வயசு, போட்டோ அனுப்பு என்று தனிச்செய்தியில் தொடங்கினார். அதையும் விட்டேன்.

எனக்குத்தான் யாரோடும் ஒட்டத் தெரியவில்லையோ என்று தோன்றுகிறது. எனக்கேற்ற குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, அந்தப் பழைய பெரிய குழு இந்த ஞாயிறு விளையாட்டுக்குள்ளேயே எல்லோரும் கூடிக் கேக் செய்யும் விருந்து வைக்கிறது. போகலாமா?

ம.

அன்புள்ள ம.,

ஒட்டத் தெரியவில்லை என்ற பேச்சை முதலில் தூக்கிப் போடுங்கள். நீங்கள் விட்டுவந்த இரண்டு இடங்களுமே விட்டுவர வேண்டிய இடங்கள்தான். ஆனால் காரணங்கள் வேறு வேறு, அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

பாலியா தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட இலவச இணைய விளையாட்டு. மீன் பிடிக்கலாம், பயிர் வைக்கலாம், பூச்சி பிடிக்கலாம், வீடு கட்டி ராத்திரி முழுக்க நாற்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருக்கலாம். (இந்தக் கடைசி வேலையில் என் தங்கை மகளை மிஞ்ச ஆளில்லை.) ஆட்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது கிடையாது. ஒரே பாறையை இரண்டு பேர் உடைத்தால் இருவருக்குமே முழுப்பங்கு கிடைக்கும். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால் நமக்கு நஷ்டமில்லை என்பதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை ஏற்பாடு.

இப்போது அந்தப் பெரிய குழுவைப் பார்ப்போம். வருகைப் பதிவு, கட்டாயக் குரல் அரட்டை, காணாமல் போனவர் பட்டியல் எல்லாம் எங்கிருந்து வந்தன? 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், தொடக்க காலத்தில் நாற்பது பேர் வரை ஒரே நேரத்தில் கூடித்தான் சில குகைகளை வெல்ல முடிந்தது. வைத்தியம் பார்க்கிறவர் அன்று வரவில்லையென்றால் மீதிப் பேரும் சாக வேண்டியதுதான். அங்கே வருகைப் பதிவேட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. பாலியாவில் நீங்கள் வராவிட்டால் யாருடைய தக்காளியும் வாடப்போவதில்லை. தேவை போய்விட்டது, சட்டதிட்டம் மட்டும் பழக்கத்தில் தொடர்கிறது. அதை நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான பேரை வைத்துக்கொண்டு வேறு எப்படி நடத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அளவுக் கூட்டத்தில் உங்கள் பெயர் ஒரு பட்டியலில்தான் இருக்க முடியும், யாருடைய ஞாபகத்திலும் இருக்க முடியாது.

அந்த வார்கிராஃப்டையே 2006-இல் சில ஆய்வாளர்கள் கவனித்து எழுதினார்கள். இத்தனை பேர் கூடும் விளையாட்டில் ஆட்கள் பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுகிறார்கள், ஆனால் சுற்றிலும் மற்றவர்கள் இருப்பது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பேச்சுத்துணை வேறு, ஆள் நடமாட்டம் வேறு. உங்கள் கடிதத்தைப் படித்தால், பாதி நாட்கள் உங்களுக்கு வேண்டியிருப்பது இரண்டாவதுதான் என்று படுகிறது. அதற்குக் குழுவே தேவையில்லை. பாலியாவில் இருக்கும் பஹாரி விரிகுடாவில் போய்த் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தால் போதும்.

மீதிப் பாதிக்கு வருவோம். குழு தேடுகிறவர்கள் எல்லோரும் ஒத்த ரசனை உள்ளவர்களைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒத்த நேரம் உள்ளவர்களைத் தேட வேண்டும். நீங்கள் வேலை முடித்து, அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து, மடிக்கணினியைத் திறக்கும்போது ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு, அங்கே இருப்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். டொராண்டோவில் கோடைக்காலமானால் நண்பகல், ஆபீஸில் இருப்பார். லண்டனில் மாலை ஐந்து, இனிமேல்தான் வீட்டுக்குக் கிளம்புவார். மூவரும் தங்கமான தமிழர்களாக, உங்களைப் போலவே பாலியாப் பைத்தியங்களாக இருக்கலாம். ஆனால் ஒருவர் போகும்போதுதான் இன்னொருவர் வருவார். சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வருகிற ஈரோட்டுக்காரரோ கொழும்புக்காரரோ, ரசனை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், உங்களுக்கு நிலைப்பார்.

அவரை எங்கே பார்ப்பது? குழு விளம்பரங்களில் பார்க்க முடியாது. எல்லா விளம்பரமும் 'நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி' என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், பாலியாவில் ராத்திரி நேரத்தில் ஃப்ளோ மரங்கள் தோப்பாக முளைக்கும். தனியாக ஒருவர் வெட்டினால் வெட்டுப்பட்ட இடம் தானாக ஆறிவிடும், கூட ஆள் சேர்ந்தால்தான் சாயும். யாரோ ஒருவர் வரைபடத்தில் தோப்பு இருக்கும் கட்டத்தின் எண்ணை அரட்டையில் போடுவார். ஆட்கள் ஓடி வருவார்கள். வந்தவுடன் வெட்ட மாட்டார்கள். இன்னும் இரண்டு பேர் வரட்டும் என்று நிற்பார்கள், ஒருவர் குதித்துக்கொண்டிருப்பார், ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார். அந்த நிற்கிற நேரத்தைக் கவனியுங்கள். பொறுக்க மாட்டாமல் கோடாலியை ஓங்குகிறவர் யார், 'வழி தெரியவில்லை' என்கிற புதியவரை எதிரே போய்க் கூட்டிவருகிறவர் யார், எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

நம் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு நிரை பிடிப்பார்கள் இல்லையா? பக்கத்து நிரையில் நிற்பவரோடுதான் பேச்சு. பேசுவதற்காக யாரும் நிரை பிடிப்பதில்லை. கை கொழுந்தில் இருக்கும், மாமியார் கதை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் அரைமணி நேரம் ஒன்றும் பேசாமலும் போகும், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. வேகமாகப் போகிறவர் பின்தங்கியவரின் நிரையில் நாலு கைப்பிடி கிள்ளிப்போட்டுவிட்டு நகர்வார். வருஷக்கணக்கான சிநேகிதமெல்லாம் அப்படி ஆரம்பித்ததுதான். உங்களுக்கு வேண்டியது அந்த மாதிரிப் பக்கத்து நிரைக்காரர்கள் மூன்று நான்கு பேர்.

ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டத்தில் நாளைக்கும் அதே ஆள் வந்து நிற்பார். பாலியாவில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் சர்வர் மாறலாம், சுற்றியிருக்கும் ஆட்களும் மாறிவிடுவார்கள். நேற்று உங்களோடு மரம் வெட்டிய நல்ல மனிதரை இன்று தற்செயலாகச் சந்திப்பது அரிது. அதனால் கூச்சப்படாமல் அங்கேயே, அப்போதே நண்பர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பத்துப் பேரைச் சேர்த்தால் ஏழு பேர் மறந்துவிடுவார்கள், போகட்டும். அடுத்த வாரம் அதே நேரத்தில் யாருடைய பெயர் பச்சையாக எரிகிறது என்று பாருங்கள். அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள், 'மரம் வெட்டப் போகிறேன், வருகிறீர்களா' என்று. 'ஹாய், எப்படி இருக்கீங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது.

ஏற்கனவே உள்ள குழுவில்தான் சேர வேண்டும் என்றால், சேரும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள். ரொம்ப நாள் வராமல் இருந்து திரும்பி வருகிறவரிடம் அங்கே என்ன பேசுகிறார்கள்? 'எங்கே போய்விட்டீர்கள்' என்பதில் அக்கறையும் இருக்கலாம், கணக்குக் கேட்பதும் இருக்கலாம். பழைய உரையாடல்களைக் கொஞ்சம் மேலே தள்ளிப் படித்தால் எது என்று தெரிந்துவிடும். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் வரும், கேபிளும் அறும். உங்களுக்கு இது முக்கியமான கேள்வி.

குரல் அரட்டை பிடிக்காவிட்டால் வேண்டாம். பக்கத்து அறையில் அப்பா தூங்கும்போது வேறு என்ன செய்ய முடியும்? ஸ்கை என்று ஒரு விளையாட்டு உண்டு, போனிலேயே ஆடலாம். அதில் முன்பின் தெரியாதவர்கள் நிழலுருவமாகத்தான் தெரிவார்கள். மெழுகுவர்த்தியை நீட்டி ஒளியைப் பகிர்ந்தால் உருவம் தெரியும். இன்னும் பழகினால் கைகோத்துப் பறக்கலாம். எழுதிப் பேசுவது அதற்கெல்லாம் அப்புறம்தான். இடையில் பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் அந்நியரோடு கொஞ்சம் பேசிக்கொள்ளலாம். சிலருக்கு இது ஆமை வேகம். உங்களுக்கு ஒத்துவரலாம், இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள்.

தமிழ்க் குழுவில் நடந்ததற்கு வருகிறேன். அந்த ஆளைத் தடை செய்தீர்கள் அல்லவா? இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள், குழு நடத்துகிறவருக்கும் ஒரு வரி தட்டுங்கள். நடவடிக்கை எடுத்தால் அந்தக் குழுவுக்கு நீங்கள் திரும்பிப் போகலாம். 'அவர் சும்மா ஜாலியாகப் பேசுவார்' என்று பதில் வந்தால் வேண்டாம். தமிழில் கிண்டலடித்து ஆடுவதன் சுகம் எனக்கும் தெரியும், அதை ஒரே ஒருத்தனுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் ஊர் கேட்டால் 'மலைப்பக்கம்' என்பதோடு நிறுத்துங்கள். சென்னைக்காரர் சென்னை என்று சொன்னால் அவர் ஒரு கோடிப் பேரில் ஒருவர். நீங்கள் ஹட்டியின் பெயரைச் சொன்னால், இரண்டாவது கேள்வியில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். ஜன்னலில் தெரியும் பனியைப் படமெடுத்துப் போடுவதும் அப்படித்தான். கேத்தரின் அருவி எந்தப் பக்கம் தெரிகிறது என்பதை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கேக் விருந்துக்குத் தாராளமாகப் போங்கள். உறுப்பினராகத் திரும்பச் சேர வேண்டியதில்லை, இந்த விருந்துகளுக்கு வெளியாட்களையும் கூப்பிடுவது வழக்கம்தான். சேர்மானங்களை முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கலக்குகிற வேலை தருகிறார்களா, அடுப்புப் பக்கமா என்று கேட்டு நில்லுங்கள். யாராவது பட்டியல் விஷயத்தை எடுத்தால் 'மழை, கேபிள் போய்விட்டது' என்று சொல்லிவிட்டு மாவைக் கிளறுங்கள். உங்களுக்கு அடுத்த அடுப்பில் நிற்பவரின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.