பதினான்காம் நாள் யாருக்கு?

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு 27 வயது, ஊர் நெல்லிக்குப்பம். கல்யாணமாகி ஒன்றேகால் வருடம் ஆகிறது. கணவருக்குச் சென்னையில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார். பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் சேர்ந்தால்தான் கரு தங்கும் என்று சொன்னார்கள். அந்த ஒரு நாளுக்கு அவரை லீவு போடச் சொல்லி, மற்ற நாளெல்லாம் தள்ளியே இருக்கிறோம். ஆனால் விந்து அத்தனையும் வெளியே வந்துவிடுகிறது. இடுப்புக்குத் தலையணை வைத்துப் படுத்தும் பார்த்தாயிற்று. வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். எனக்கு பீரியட்ஸ் 33, 34 நாளுக்கு ஒருமுறைதான் வரும். 'ஏதாவது விசேஷமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. எங்கே தவறுகிறது?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

வழிவதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஒருமுறை வெளிப்படும் விந்து 2 முதல் 5 மில்லி. அதில் அணுக்கள் மிகச் சிறு பங்குதான்; மற்றதெல்லாம் விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர். முதலில் கூழாக இருந்து, 15–30 நிமிடத்தில் இளகி வழியும். உள்ளே போகவேண்டிய அணுக்கள் அதற்குள் கருப்பை வாய்ச் சளிக்குள் ஏறிவிட்டிருக்கும். பெண்ணுறுப்பின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது. அங்கேயே தங்கும் அணுக்கள் சில மணி நேரத்தில் எப்படியும் செத்துவிடும். தலையணை வேண்டாம், எழுந்து சிறுநீர் கழிக்கலாம்.

தவறு கணக்கில் இருக்கிறது. 28 நாள் சுற்று உள்ளவருக்குத்தான் 14ஆம் நாள். முட்டை வெடித்ததிலிருந்து (அதாவது சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியே வந்ததிலிருந்து) அடுத்த பீரியட்ஸ் வரை ஏறக்குறைய 14 நாள். சுற்று நீள்வது பெரும்பாலும் முன்பாதியில்தான். ஆகவே பின்னாலிருந்து எண்ணவேண்டும். 34 நாள் என்றால் உங்களுக்கு 20ஆம் நாள். நல்ல சளிக்குள் விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருக்கும்; முட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். எனவே 15 முதல் 20 வரை வாய்ப்புள்ள நாட்கள், அதிலும் கடைசி மூன்று நாள் உசத்தி. நீங்கள் பார்த்துப் பார்த்து லீவு போட்டதெல்லாம் கதவு திறப்பதற்கு முந்தைய நாளில்.

உடம்பே அடையாளம் காட்டும். பீரியட்ஸ் முடிந்து சில நாள் ஈரமே இருக்காது. பிறகு வெள்ளையாகப் பசை மாதிரி வரும். அதன்பின் முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுக்கலாக, இரண்டு விரலுக்கிடையில் இழுத்தால் இரண்டு மூன்று அங்குலம் அறுபடாமல் நீளும். விந்தணு நீந்திப்போக அதுதான் வழி. முட்டை வெடித்த பிறகு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஏறி, சளி கெட்டியாகி வழி அடைபடும். விரலால் பார்க்கக் கூச்சமாக இருந்தால் மருந்துக்கடையில் எல்ஹெச் கிட் (முட்டை வெடிக்கப்போவதை முன்கூட்டியே காட்டும் சிறுநீர்ச் சோதனை) வாங்கி, 15ஆம் நாளிலிருந்து தினமும் சோதியுங்கள். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டளவு அழுத்தமாகத் தெரிந்தால், அநேகமாக அடுத்த 24–36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். காலையில் உடம்புச் சூடு பார்க்கும் முறை வெடித்த பிறகுதான் சொல்லும். உங்களுக்கு அதனால் பயனில்லை.

சனி, ஞாயிறு 18, 19ஆம் நாளில் விழும் மாதம் லீவே வேண்டாம். 15, 16இல் விழுந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் காலம் கடந்துவிடும். அந்த மாதம் நடுவாரத்தில் இரண்டு நாள் அவர் வரட்டும். மாதம் முழுக்கச் சேர்த்துவைப்பதில் லாபமில்லை: அளவு கூடும், அணுக்களின் ஓட்டம் குறையும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

எண்ணெய், எச்சில் இரண்டையும் அந்த நாட்களில் தவிருங்கள். அணுக்களின் ஓட்டத்தைக் குறைக்கக்கூடும். ஆசை எழும்போது பெண்ணுறுப்பின் சுவரில் ரத்தம் நிறைந்து ஈரம் கசியும், உட்புறம் நீளும். அதற்குள் அவசரப்பட்டால் வறட்சியும் வலியும்தான். தேதி பார்த்து டூட்டி மாதிரி சேர்ந்தால் ஈரம் எங்கிருந்து வரும்?

வருடம் ஒன்று கடந்துவிட்டதால் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ மகப்பேறு பிரிவில் காட்டலாம். உங்களுக்குத் தைராய்டு பார்ப்பார்கள். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்கலாம். அவருக்கு விந்துப் பரிசோதனை: 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, ஆணுறையோ எண்ணெயோ இல்லாமல், முதல் துளியிலிருந்து முழுவதையும் லேப் தரும் டப்பாவில் பிடிக்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேரவேண்டும் என்பதால், ஊரில் எடுத்துப் பாண்டி பஸ்ஸில் கொண்டுபோவதைவிட அங்கேயே கொடுப்பது மேல். கடந்த மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். எண்ணிக்கை தற்காலிகமாக இறங்கியிருக்கும், அப்போது இன்னொருமுறை பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள்.