புனேயிலிருந்து கடலூருக்கு வந்த சாமான்: கூடுதலாகப் பறித்த பணமும் உடைந்த பொருளும் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் கணவருக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் கிடைத்ததால், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் புனே வீட்டைக் காலி செய்துவிட்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியேறினோம். பேக்கர்ஸ் நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கு வந்து சாமான்களைப் பார்த்து, லாரி வாடகை 32,000, பேக்கிங்கும் கூலியும் 16,000 என்று 48,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தார். சாமான் மதிப்பு 3 லட்சம் என்று எழுதி, அதில் 3 சதவீதம் இன்ஷூரன்ஸ் என்று 9,000 தனியாக வாங்கினார்கள். ஜூன் 2-ஆம் தேதி என் கணவர் பெயரில் புக்கிங். நான்கு நாளில் வரவேண்டிய லாரி ஜூன் 13-ஆம் தேதி இரவுதான் வந்தது. வழியில் பெங்களூரு கோடவுனில் எங்களிடம் சொல்லாமலே வேறு லாரிக்கு மாற்றியிருக்கிறார்கள். மீதிப் பணத்தோடு, "சாமான் அதிகமாகிவிட்டது, புதுச்சேரி பார்டர் டேக்ஸ் கட்டினோம்" என்று இன்னும் 22,000 கேட்டார்கள். கொடுக்காவிட்டால் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவதாக மிரட்டியதால், டிரைவர் சொன்ன நம்பருக்குக் கூகுள் பேயில் அனுப்பிவிட்டேன். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பிரித்துப் பார்த்தால் டிவி திரை உடைந்திருந்தது. ஃப்ரிட்ஜ் கதவு நசுங்கியிருந்தது, மெத்தையும் இரண்டு பெட்டிப் புத்தகமும் மழையில் ஊறியிருந்தன, பாட்டியின் தேக்கு பீரோ கால் முறிந்திருந்தது. 41 பெட்டியில் ஒன்று வரவே இல்லை. அதில் பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் இருந்தன. அன்றிரவே போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாதக்கணக்கில் "பார்க்கிறோம்" என்றவர்கள், இப்போது "லாரி விபத்தானால்தான் இன்ஷூரன்ஸ், வழக்கென்றால் புனே கோர்ட்டுக்கு வாருங்கள்" என்கிறார்கள். டிரைவரோ, வராத பெட்டி கோடவுனில் இருக்கிறது, 5,000 அனுப்பினால் பார்சல் போடுகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். போலீஸில் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்வது?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள் அம்மா. மற்றதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம், இதை மட்டும் இந்த வாரமே முடித்துவிட வேண்டும். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-இல் வந்த சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, சாமான் தொலைந்ததற்கோ சேதமானதற்கோ வழக்குப் போடுவதற்கு முன்பு அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். சாமான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, புக்கிங் செய்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். ஜூன் 2-இலிருந்து எண்ணினால் நவம்பர் 29-ஆம் தேதியோடு முடிகிறது. உங்கள் கடிதம் நவம்பர் முதல் வாரத்தில் வந்திருக்கிறது.

"பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் இந்த ஒரு காரணத்தாலேயே தோற்றுப்போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதானே என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, டெலிவரி ஆன சான்றை எடுத்து வையுங்கள். அதே நோட்டீஸை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கெடுவுக்குள் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நம் ஊரில் நவம்பர் மழைக்காலம் வேறு, கடைசி வாரம் வரை வைக்காதீர்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தத் தொழிலில் போர்டில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், பணம் போன கணக்கில் இன்னொரு பெயர் இருப்பதுண்டு. உங்கள் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கும். அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுத் தேடினால், பதிவானவரின் சட்டப்படியான பெயரும் தொழில் நடக்கும் முகவரியும் தெரியும். பில்லில் உள்ள முகவரி, அந்த முகவரி இரண்டுக்கும் அனுப்புங்கள். "நாங்கள் வெறும் புரோக்கர்தான், லாரி வேறொருவருடையது" என்று பதில் வந்தால் கலங்க வேண்டாம். சரக்கு நிறுவனம் என்றால் யார் என்று அந்த 2007 சட்டம் தரும் விளக்கத்துக்குள் ஏஜெண்டும் புரோக்கரும் சேர்ந்தே வருகிறார்கள்.

இனி அந்த 22,000 ரூபாய். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கோபம் வந்த இடம் இதுதான். ராத்திரி நேரம், பிள்ளைகளோடு வாசலில் நிற்கிறீர்கள், வீட்டுச் சாமான் முழுக்க லாரியில் இருக்கிறது. கொடுக்காமல் என்ன செய்ய முடியும்? நாமாகத்தானே கொடுத்தோம், இனி எப்படிக் கேட்பது என்று நீங்கள் தயங்கலாம். தயங்கவே வேண்டாம். பேசிய வாடகை பாக்கி இருந்தால் அதைத் தரும்வரை சாமானைப் பிடித்து வைக்க லாரிக்காரருக்கு உரிமை உண்டு. பேசாத தொகைக்காகப் பிடித்து வைக்க உரிமை கிடையாது. ஒருவருடைய பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பதும், பிடித்து வைப்பேன் என்று மிரட்டுவதும் நிர்ப்பந்தம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 15-ஆம் பிரிவு சொல்கிறது. நிர்ப்பந்தத்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்கிறது 72-ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் கீழ் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: முறையற்ற கட்டணத்தைக் கட்டினால்தான் சரக்கைத் தருவேன் என்கிறது ஒரு ரயில்வே கம்பெனி. சரக்கை மீட்க வேண்டுமே என்று ஒருவர் கட்டிவிடுகிறார். அதிகமாக வாங்கிய பகுதியை அவர் திரும்பப் பெறலாம். ரயிலை எடுத்துவிட்டு லாரியை வைத்தால் உங்கள் வழக்கு வந்துவிடுகிறது.

"பார்டர் டேக்ஸ்" என்று சொன்னதையும் ஏற்க முடியாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே பழைய நுழைவு வரியெல்லாம் அதற்குள் போய்விட்டது. நீங்கள் புழங்கிய வீட்டுச் சாமானை ஊர் மாற்றிக்கொண்டு போவது விற்பனை அல்ல, அதற்கு வரி கிடையாது. புழங்கிய வீட்டுப் பொருட்களுக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டுகூடத் தேவையில்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுற்றி ஆல்பேட்டை வழியாக வந்திருந்தால் லாரிக்கு ஏதாவது பர்மிட் கட்டணம் ஆகியிருக்கலாம், அது லாரி உரிமையாளரின் செலவு. கட்டியதற்கு ரசீது கொடுங்கள் என்று நோட்டீஸிலேயே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டேஷன் போட்ட பிறகு நீங்கள் சைக்கிள், பூந்தொட்டி, கூடுதலாக ஒரு கட்டில் என்று ஏதாவது ஏற்றியிருந்தால், அதற்கான நியாயமான வாடகையை அவர்கள் கேட்கலாம். அப்படி இருந்தால் நீங்களே அதை ஒப்புக்கொண்டு, மீதியைக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு கூடும்.

டெலிவரித் தாளில் போட்ட கையெழுத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மூடிய பெட்டிக்குள் என்ன உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே இரவு நீங்கள் அனுப்பிய போட்டோவும், அதற்கு அவர்கள் "பார்க்கிறோம்" என்று போட்ட பதிலும் அந்தத் தாளைவிடப் பலமான சாட்சி. அந்தச் செய்திகள் உள்ள போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4) பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். உடைந்த டிவியையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், பீரோவுக்குத் தச்சரிடம் வாங்குங்கள்.

ரசீதின் பின்பக்கம் "சாமான் உரிமையாளர் பொறுப்பில்" என்று பொடி எழுத்தில் இருந்தாலும் அவர்கள் தப்ப முடியாது. அப்படிப் போட்டாலும் லாரி நிறுவனத்தின் பொறுப்பு ஒழியாது என்று 2000-ஆம் ஆண்டு நாத் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுவனத்தின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்று 2007 சட்டத்தின் 12-ஆம் பிரிவும் சொல்கிறது. கொடுத்த பொருள் கொடுத்தபடி வரவில்லை என்று காட்டினால் போதும்.

எவ்வளவு கேட்கலாம்? விதிப்படி நிறுவனத்தின் பொறுப்பு லாரி வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான், அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டக் கூடாது. உங்கள் கணக்கில் பத்து மடங்கு 3,20,000, எழுதிய மதிப்பு 3 லட்சம். ஆகவே பொருள் இழப்புக்கு 3 லட்சம்தான் உச்சவரம்பு, நீங்கள் சொல்லும் சேதம் அதற்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். அதற்காகப் புது டிவியின் விலையை எதிர்பார்க்காதீர்கள். புழங்கிய பொருளுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியாகக் கேட்கலாம்.

இன்ஷூரன்ஸ் என்று வாங்கிய 9,000-க்கு, எந்தக் கம்பெனி, பாலிசி எண் என்ன, நகல் எங்கே என்று நோட்டீஸில் கேளுங்கள். பாலிசி எடுத்திருந்தால் அதன் வாசகம்தான் எது அடங்கும் என்று முடிவு செய்யும், டிரைவரோ மேனேஜரோ அல்ல. உடனே அந்தக் கம்பெனிக்கும் எழுதுங்கள். பாலிசியே எடுக்காமல் அந்தப் பெயரில் பணம் வாங்கியிருந்தால் அது நேர்மையற்ற வணிகம், அந்த 9,000-ஐயும் சேர்த்துத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கதையைப் படித்தால் எனக்குப் பாலிசி இருக்கும் என்றே தோன்றவில்லை.

வழக்குக்குப் புனே போக வேண்டியதில்லை. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவு தருகிறது. "புனே நீதிமன்றத்துக்கு மட்டும்" என்று அவர்களாக ரசீதில் அச்சடித்தது அந்த உரிமையைப் பறிக்காது. புக்கிங் உங்கள் கணவர் பெயரில் இருப்பதால் இருவருமே மனுதாரராகச் சேருங்கள். அவர் வேலை புதுச்சேரியில் என்பதால் அங்கேயும் போடலாம், ஆனால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் உங்களுக்கு வசதி. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இதற்குக் கெடு இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தை நினைத்துக்கொண்டு அந்த 180 நாளை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் வராத பெட்டி. டிரைவருக்கு 5,000 அனுப்பவே அனுப்பாதீர்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தும், பணம் கொடுத்தால்தான் தருவேன் என்று எழுத்தில் சொன்ன பிறகு இது வெறும் சிவில் விவகாரம் அல்ல. சரக்கை ஒப்படைக்கப்பட்டவர் நம்பிக்கை மோசடி செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவுப்படி ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. பணம் பறிப்புக்கு 308-ஆம் பிரிவு இருக்கிறது. உடைந்த டிவியையும் நனைந்த மெத்தையையும் அந்தப் புகாரில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மறுபடி "சிவில்" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். பெட்டி, டிரைவரின் செய்தி, லாரியைத் திருப்பிவிடுவதாக மிரட்டி வாங்கிய 22,000 இவற்றை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். குற்றம் பெங்களூருவில் நடந்தது என்று சொல்லி ஸ்டேஷனில் மறுக்க முடியாது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியும் மறுத்தால் அதே பிரிவின் கீழ் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

நோட்டீஸை நீங்களே ஆங்கிலத்தில் எழுதலாம். புக்கிங் தேதி, ரசீது எண், 41 பெட்டியில் 40 வந்தது, என்னென்ன சேதம், எவ்வளவு தொகை, 15 நாள் அவகாசம் என்று எழுதினால் போதும். எழுதத் துணை வேண்டுமானால் கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசியில் கேட்க எண் 15100. போகும்போது கொட்டேஷன், ரசீது, பெட்டிப் பட்டியல், கூகுள் பே விவரம், வாட்ஸ்அப் பக்கங்களின் பிரிண்ட் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.