கட்டணம் 800 வெள்ளிதான், ஆறு மாதச் சம்பளம் யார் கணக்கில்?

கேள்வி: எனக்கு வயது 44. சிங்கப்பூர்க் குடிமகன். துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் வேலை, சம்பளம் 2,400 வெள்ளி. மனைவிக்கு 1,500. உட்லண்ட்ஸில் நாலறை வீடு. தவணையில் என் பங்கு மாதம் 620 வெள்ளி. அது மசேநி (மத்திய சேம நிதி) சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. அந்தக் கணக்கில் இப்போது 3,100 வெள்ளி, வங்கியில் 7,500 வெள்ளி இருக்கின்றன. சாமான் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. கட்டடப் பராமரிப்புத் தொழில்நுட்பராக மாற ஆறு மாத முழுநேரப் பயிற்சி ஒன்று கிடைத்திருக்கிறது. கட்டணம் 8,000 வெள்ளி. 90 விழுக்காடு மானியம் போக 800தான். அதையும் பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் கழித்துக்கொள்ளலாமாம். வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா? மச்சான், “செக்யூரிட்டி வேலைக்குப் போ, 3,000க்கு மேலே தருகிறார்கள்” என்கிறார். போன வாரம் புளோக்குக்குக் கீழே ஒருவர், “உங்கள் 4,000 வெள்ளி காலாவதியாகப் போகிறது, உடனே ஏதாவது வகுப்பில் சேருங்கள்” என்று படிவம் நீட்டினார். என்ன செய்வது?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வணக்கம். தொழிலை மாற்ற நினைப்பது சரி. முதுகு போன பிறகு கிடங்கில் இன்னும் இருபது வருடம் ஓட்ட முடியாது. ஆனால் ராஜினாமா கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்குப் பல பயிற்சிகளில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. 2024 மே மாதம் உங்கள் வயதினருக்கு வந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கையை விட்டுப் போகப்போவது சம்பளம். ‘இலவசப் பயிற்சி’ என்று சொல்பவர்கள் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,400 வெள்ளியில் 20 விழுக்காடு மசேநிக்குப் போனால் கைக்கு வருவது 1,920. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் பிடிக்கும் சில வெள்ளியை விட்டுவிடுவோம். தகுதிபெறும் முழுநேரப் பயிற்சியில் சேரும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு, முந்தைய 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி உதவித்தொகையாகக் கிடைக்கும்; உச்சவரம்பு மாதம் 3,000 வெள்ளி. உங்களுக்கு அது 1,200. மாதம் 720 துண்டு விழுகிறது, ஆறு மாதத்தில் 4,320.

இதுவரை பெரும்பாலானோர் யோசித்துவிடுவார்கள். கோட்டை விடுவது அடுத்ததில்தான். சம்பளம் நின்றால் மசேநியும் நிற்கும். உங்கள் வயதில் சம்பளத்தின் 21 விழுக்காடு, அதாவது மாதம் 504 வெள்ளி, சாதாரணக் கணக்கில் சேர்கிறது. அது நின்றாலும் வீட்டுத் தவணை நிற்காது. 3,100 வெள்ளியை 620ஆல் வகுத்தால் சரியாக ஐந்து மாதம். ஆறாவது மாதத் தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

அப்புறம், சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே வேலை கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதம் தேடவேண்டி வந்தால் அதற்குள் உதவித்தொகையும் முடிந்திருக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டுக்குக் கொடுத்துவந்த 3,840, தவணைக்கு 1,240. முன்பு சொன்ன 4,320, ஆறாவது மாதத் தவணை 620 எல்லாம் சேர்த்தால் 10,020 வெள்ளி. வங்கியில் இருப்பது 7,500. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கடன் அட்டையைத் தேய்க்கிற நிலைமைக்கு வந்துவிடுவீர்கள். குறைந்த வருமான ஊழியர்களுக்கு அரசாங்கம் தரும் வேலைநலன் துணை வருமானம் இப்போது வந்துகொண்டிருந்தால், வேலை பார்க்காத மாதங்களுக்கு அதுவும் இருக்காது.

இன்னொன்று. வேலை இழந்தோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் திட்டம் 2025 ஏப்ரலில் வந்தது. “அது இருக்கிறதே” என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். தானாக வேலையை விட்டவருக்கு அது கிடையாது.

புதிய வேலையில் சம்பளம் 300 வெள்ளி கூடுகிறது என்று வைப்போம். கைக்குக் கூடுதலாக வருவது 240. போன 10,020 வெள்ளியைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய மூன்றரை வருடம் ஆகும். 44 வயதில் அது தாங்கமுடியாத காலம் இல்லை, வேலை உறுதியாக இருந்தால்! உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரே விஷயம் அதுதான். பயிற்சி, கட்டணம், மானியம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். முடித்தபின் எந்த நிறுவனம், என்ன சம்பளத்துக்கு எடுக்கும் என்று எழுதவில்லை.

அதனால் முதலில் மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் கட்டடப் பராமரிப்பு வேலை விளம்பரங்களைப் படியுங்கள். பத்துப் பதினைந்து போதும். சம்பள வரம்பு அதிலேயே இருக்கும். என்ன சான்றிதழ் கேட்கிறார்கள், நைட்டெக்கா (தொழில்நுட்பக் கல்விக் கழகச் சான்றிதழ்), மின்னியல் உரிமமா, வெறும் அனுபவமா என்று ஒரு தாளில் குறியுங்கள். நீங்கள் சேர நினைக்கும் பயிற்சியின் பெயர் அதில் ஓரிடத்திலும் வரவில்லை என்றால் 800 வெள்ளிகூட அதிகம். பயிற்சி நிலையத்திடம், போன அணியில் எத்தனை பேர், எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

உங்கள் நிலைமைக்கு நான் பார்ப்பது இரண்டு வழி. ஒன்று, வேலையில் இருந்துகொண்டே மாலையில் படிப்பது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வேலை பார்ப்போருக்கான பகுதிநேர நைட்டெக் வகுப்புகள் உண்டு. தகுதிபெறும் பகுதிநேரப் பயிற்சிகளுக்கும் 2026 முதல் மாதம் 300 வெள்ளி உதவித்தொகை இருக்கிறது. காலம் கூடுதலாகப் பிடிக்கும். துவாஸிலிருந்து எம்ஆர்டியில் தூங்கி வழிந்துகொண்டு வகுப்புக்குப் போவது லேசுப்பட்ட வேலையும் இல்லை. முதுகுக்காகக் கிடங்கிலேயே இலகுவான பணிக்கு மாற்றித் தருவார்களா என்று இப்போதே கேட்டுவையுங்கள். ஆனால் தவணை தானாகப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எனக்கு அதிகம் பிடித்தது: முதலில் வேலை, பிறகு பயிற்சி. வேலைமாற்றுத் திட்டங்களில் நிறுவனம் உங்களை ஊழியராக எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுக்கும். பயிற்சிக் காலத்தில் சம்பளமும் உண்டு, மசேநியும் உண்டு. 40 வயதைத் தாண்டியவரை எடுத்தால் சம்பளத்தில் 90 விழுக்காடு வரை, ஓர் உச்சவரம்புக்குள், அரசாங்கம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. நாற்பதுக்கு மேல் வயது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் அபூர்வமான இடம் இது. ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகக் கட்டடத்தில் இருக்கும் தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசியின் இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போய், உங்கள் துறையில் இப்போது இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டும் அமையாமல் முழுநேரப் பயிற்சிதான் வழி என்றால், கையிருப்பு 10,000ஐத் தாண்டும்வரை பொறுங்கள். மனைவியும் வீட்டின் உரிமையாளராக இருந்தால், பயிற்சிக் காலத்தில் தவணையின் ஒரு பகுதியை அவருடைய சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்கலாம். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

மச்சான் சொன்ன எண்ணில் தவறில்லை. படிப்படியாக உயரும் சம்பள முறையின்கீழ், முழுநேரப் பாதுகாவல் அதிகாரிக்கு 2026இல் குறைந்தது 3,090 வெள்ளி. பயிற்சியும் சில நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்தத் தொகைக்குள் மிகைநேர ஊதியமும் அடக்கம். வாரம் ஆறு நாள், 12 மணி நேர வேலை என்பது அந்தத் தொழிலில் சர்வசாதாரணம். உங்கள் முதுகு அதற்குத் தாங்குமா என்பதை மச்சானிடம் இல்லை, மருத்துவரிடம் கேளுங்கள்.

புளோக்குக்குக் கீழே வந்தவர் விஷயம். 4,000 வெள்ளிக்குக் காலாவதித் தேதியே கிடையாது. 2020இல் கொடுத்த கூடுதல் 500 வெள்ளிதான் 2025 டிசம்பரோடு முடிந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பி அவசரப்படுத்துகிறார்கள். அந்த 4,000ஐ எல்லா வகுப்புக்கும் பயன்படுத்தவும் முடியாது, வேலைக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டும்தான். 2017இல் போலி நிறுவனங்களை வைத்து ஏறக்குறைய 40 மில்லியன் வெள்ளி பயிற்சி மானியத்தைச் சுருட்டிய கும்பல் பிடிபட்டது நினைவிருக்கும். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸைத் திறந்து கைப்பேசியை அவர் கையில் கொடுக்காதீர்கள். மறுபடி வந்தால் பாடத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்கி, மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அந்த 4,000க்குத் தகுதிபெறும் பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.