பட்டாணிக்கு ஆடிப்பட்டம் ஆகாது: வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

கே: 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்களே என்று ஆடிப் பதினெட்டு அன்று மொட்டை மாடியில் பைகளில் பட்டாணி போட்டேன். செடி ஜோராக வந்தது, பூவும் விட்டது. ஆனால் பூவெல்லாம் காய்ந்து உதிர்ந்துபோய் கடைசியில் இரண்டே காய், அதிலும் ஒன்றில் மணியே இல்லை. என்ன உரம் போடலாம்?
(வாசகி, மதுரை)

ப: எந்த உரமும் வேண்டாம் அம்மா, தேதியை மாற்றுங்கள். ஆடிப்பட்டம் என்பது அவரைக்கும் பூசணிக்கும் பீர்க்கனுக்கும் சொன்னது, பட்டாணியை மனதில் வைத்துச் சொன்னதில்லை. பட்டாணி குளிர்ப்பயிர். 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். பூக்கிற நேரத்தில் வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும், தப்பித்தவறி பிஞ்சு நின்றாலும் உள்ளே மணி பிடிக்காது. உங்களுக்கு நடந்தது அப்படியே இதுதான். ஆவணியில் மதுரை மொட்டை மாடியில் நமக்கே நிற்க முடிவதில்லை.

எப்போது விதைப்பது என்று யோசிக்காமல் எப்போது பூக்க வேண்டும் என்று யோசித்தால் கணக்கு சுலபம். குட்டை ரகங்கள் விதைத்த 35, 40 நாளில் பூக்கும். அந்தப் பூ மார்கழி நடுவிலிருந்து தைப் பொங்கல் வரைக்குள் வர வேண்டும் என்றால் கார்த்திகை முதல் வாரத்தில் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஓசூர், தருமபுரி, கோவைப் பக்கம் இருப்பவர்கள் ஐப்பசியிலேயே போடலாம். சென்னை, கடலூர், நாகை போன்ற கடற்கரை ஊர்களில் ஐப்பசி மழை விதையை அழுக வைத்துவிடும், அதனால் மழை கொஞ்சம் வெறித்த பிறகு கார்த்திகை நடுவில் போடுங்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு போகம், அக்டோபர், நவம்பரில் ஒரு போகம் என்று அவர்கள் பாட்டுக்கு எடுக்கிறார்கள்.

இன்னொன்று, மதுரையில் மார்கழியிலும் பகல் வெயில் 30ஐத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆகவே காலை வெயில் நன்றாக விழுந்து, இரண்டு மணிக்கு மேல் சுவர் நிழலோ தண்ணீர்த்தொட்டி நிழலோ வருகிற இடமாகப் பார்த்து வையுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது போட்டு மூடினால் வேர் சூடாகாது.

கே: சுண்டலுக்கு வாங்கிய பட்டாணியை விதைக்கலாமா? விதைப் பாக்கெட் விலை கொள்ளையாக இருக்கிறது.
(வாசகர், விழுப்புரம்)

ப: உடைக்காத முழுப் பட்டாணியாகவும் ரொம்பப் பழசாக இல்லாமலும் இருந்தால் முளைக்கும், தாராளமாகப் போட்டுப் பாருங்கள். ஆனால் கடைத்தெருவில் உரித்துத் தின்கிற இனிப்பான பச்சைப் பட்டாணி அதிலிருந்து வராது. சுண்டல் பட்டாணி வழவழவென்று உருண்டையாக இருக்கும், அதில் மாவுச்சத்து அதிகம். கறிக்கான பட்டாணி விதையோ காய்ந்தால் சுருங்கிப்போய் பொக்கையாக இருக்கும். பாக்கெட்டைப் பிரித்து சுருங்கின விதையைப் பார்த்ததும் "பழைய விதையைத் தள்ளிவிட்டான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. போகாதீர்கள், சுருக்கம்தான் நல்ல அடையாளம். சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றுகிற ஒரு நொதி அந்த ரகங்களில் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் மணியில் சர்க்கரை தங்குகிறது, கூடவே தண்ணீரும் நிறையச் சேர்கிறது, காயும்போது தண்ணீர் போய் தோல் சுருங்குகிறது. மெண்டல் என்ற பாதிரியார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்து 1866-இல் வெளியிட்ட மரபியல் கட்டுரையில் உருண்டை விதை, சுருங்கிய விதை என்று பிரித்து எண்ணினாரே, அந்தச் சுருக்கம் இதேதான்.

பச்சை நிறத்தில் விற்கும் காய்ந்த பட்டாணியாக இருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அரைமணி போட்டு வையுங்கள். தண்ணீர் பச்சையானால் சாயம் ஏற்றியது, விதைக்கவும் வேண்டாம், சுண்டலுக்கும் வேண்டாம்.

கே: எந்த ரகம் நல்லது?
(வாசகி, திருப்பூர்)

ப: சமவெளி வீட்டுத்தோட்டத்துக்கு அர்கெல். குட்டை, சீக்கிரம் காய்க்கும், குளிர் முடிவதற்குள் வேலையை முடித்துக்கொள்ளும். பான்வில் நல்ல ரகம்தான், ஆனால் கூடுதல் நாள் எடுக்கும். மலைப்பகுதி என்றால் ஊட்டி 1 கேட்டுப் பாருங்கள்.

கே: மூங்கில் கழி நட்டு வைத்தும் பட்டாணிக்கொடி ஏற மாட்டேன் என்கிறது. பக்கத்தில் அவரை அதே மாதிரிக் கழியில் கிடுகிடுவென ஏறிவிட்டது.
(வாசகர், தஞ்சாவூர்)

ப: அவரை தன் தண்டையே கழியில் சுற்றிக்கொண்டு ஏறும். பட்டாணி அப்படியில்லை. அதன் இலை நுனியில் நூல் மாதிரி பற்றுக்கம்பிகள் இருக்கும், அவைதான் பிடிக்கும், அதுவும் பென்சிலைவிட மெல்லியதாக எதையாவது கொடுத்தால்தான். தடித்த கழியை அவற்றால் வளைத்துப் பிடிக்க முடியாது. மூங்கிலைப் பிடுங்க வேண்டாம், இரண்டு கழிக்கு நடுவில் சணலை நாலு விரற்கடை இடைவெளியில் குறுக்கே கட்டுங்கள். காய்ந்த கிளைக்குச்சிகளைக் கொத்தாகச் செருகினாலும் போதும். முருங்கைக் குச்சி மட்டும் வேண்டாம், அது துளிர்த்துவிடும், அப்புறம் பட்டாணிப் பையில் முருங்கை மரம்.

கே: யூரியா கொஞ்சம் போட்டேன், மண்புழு உரமும் போட்டேன். இலை தளதளவென இருக்கிறது, பூவைக் காணோம். குளிர் காலம்தான், தேதி தப்பில்லை.
(வாசகர், சேலம்)

ப: யூரியாவை நிறுத்துங்கள். பட்டாணிக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை அதன் வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்துவிடும். நீங்களும் கொடுத்தால் முடிச்சு உருவாகாது, செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். ஒரு செடியைத் தியாகம் செய்து மண்ணை நனைத்து மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகிலிருந்து மிளகு வரையிலான அளவில் முடிச்சுகள் இருக்க வேண்டும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சில் வேலை நடக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால் யூரியா தடுத்திருக்கலாம், அல்லது உங்கள் மண்ணில் அதற்குரிய பாக்டீரியா இல்லாமல் இருக்கலாம். பட்டாணி போட்டே பழக்கமில்லாத மண்ணிலும் தேங்காய்நார்க் கலவையிலும் பாக்டீரியா இல்லாமல் இருப்பது சகஜம்.

அடுத்த தடவை விதைக்கும்போது ரைசோபியத்தை ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி அரைமணி நிழலில் உலர்த்திப் போடுங்கள். வாங்கும்போது பட்டாணிக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் உள்ளது வேறு வகை, இதற்கு ஒட்டாது. ஒரு பிடி சாம்பல் தூவினால் சாம்பல்சத்துக்கு ஆகும், அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

கே: இலையில் விபூதி பூசினது போல வெள்ளை படிகிறது. புளித்த மோர் தெளிக்கலாமா?
(வாசகி, திண்டுக்கல்)

ப: சாம்பல் நோய். பகல் வறண்டு இரவு குளிர்ந்து பனி விழும் தை மாதத்தில் வரும், அடி இலையில் ஆரம்பித்து மேலே ஏறும். இப்போதுதான் ஆரம்பம் என்றால் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மோர் தெளித்துப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் நோய் முற்றிவிட்டால் மோர் கேட்காது. நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து சாயங்காலம் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் தெளித்தாலும் கருகும். காயெல்லாம் மணி பிடித்துவிட்டது என்றால் எதுவும் செய்யாதீர்கள், பறித்துச் சாப்பிட்டுவிட்டுச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

கே: ஆன்லைனில் 'ஸ்வீட் பீ' என்று விதை வாங்கி முளைக்கப் போட்டிருக்கிறேன். பாக்கெட்டில் ஊதாப் பூ படம்தான் இருக்கிறது. இது இனிப்புப் பட்டாணிதானே?
(வாசகி, சென்னை)

ப: இல்லை, அது வாசனைப் பூச்செடி. பட்டாணிக்குத் தூரத்துச் சொந்தம், கேசரிப் பருப்புக்கு நெருங்கிய சொந்தம். காயும் விதையும் விஷம், ஒன்றைக்கூட வாயில் வைக்கக் கூடாது. பூவுக்காக வளர்ப்பதானால் வளருங்கள், ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் காய் பிடிக்கும் முன்பே பூவைப் பறித்துவிடுங்கள்.

கே: நாலு பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை செடி வைத்தால் வாரம் ஒருமுறை குருமாவுக்கு வரும்?
(வாசகர், திருச்சி)

ப: உண்மையைச் சொன்னால் வராது. சமவெளியில் ஒரு செடி பத்துக் காய் கொடுத்தாலே பெரிய விஷயம், அதுவும் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். வாரா வாரம் குருமா வேண்டுமென்றால் மொச்சையும் தட்டைப்பயறும் போடுங்கள், அவை நம் வெயிலுக்குப் பிறந்தவை. பட்டாணி பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்து உரித்துத் தின்பதற்கு.

காய் வேண்டாம், கீரையாகவாவது வரட்டும் என்றால் வெயில் காலத்தைத் தவிர எப்போதும் முடியும். சாயமில்லாத முழுப் பட்டாணியை இரவு ஊறவைத்து, ஓட்டை போட்ட தட்டில் இரண்டங்குலம் தேங்காய்நார்க் கழிவு பரப்பி நெருக்கமாகப் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு சாண் உயரத் தளிர் வரும். அடியில் ஒரு இலை விட்டு நறுக்கினால் இன்னொரு முறையும் துளிர்க்கும். பூண்டு தட்டிப்போட்டு வதக்கித் தேங்காய் தூவினால் அருமையான பொரியல். இதற்கு விதைக்கடைப் பாக்கெட்டை எடுக்காதீர்கள், சிவப்பு நிறம் ஏற்றிய விதையில் பூஞ்சைக்கொல்லி இருக்கும்.

கே: காயை எப்போது பறிப்பது?
(வாசகி, ஓசூர்)

ப: பூத்து மூன்று வாரம். காய் புடைத்திருக்க வேண்டும், பளபளப்பு போயிருக்கக் கூடாது. ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பறியுங்கள், இழுத்தால் கொடியே வந்துவிடும். சமைக்கப்போகிற அன்று பறியுங்கள், ஒரு நாள் வைத்தாலே இனிப்பு குறைந்துவிடும்.