தூக்குப்போசியைத் தூக்கிப் போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்க அம்மிச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) பித்தளைத் தூக்குப்போசி பரணில் கிடக்கிறது. மூடியில் அவர் பேர் வெட்டியிருக்கிறது. மகன் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொல்கிறான். மருமகள் பாலீஷ் போட்டு ஹாலில் செடி வைக்கலாம் என்கிறாள். எனக்கு இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, பெருந்துறை

பதில்: அதில் சோறு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தூக்குப்போசி காட்டுக்குச் சோறு கொண்டுபோன பாத்திரம். கம்மஞ்சோற்றைக் கரைத்து மோர் ஊற்றி, மூடியைக் கவிழ்த்து அதில் நாலு சின்ன வெங்காயம் வைத்து வரப்பில் நடந்தவர்கள் கையில் ஆடியது. அதைப் போய் ஹாலில் உட்காரவைத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆறு மாதத்தில் அடியில் பச்சை பிடித்துவிடும். மருமகளிடம் கோபிக்காதீர்கள், அவளுக்கு அது அழகாகத் தெரிகிறதே, மகனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

ஆனால் நேரே சோறு போட்டுவிடக் கூடாது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, மோரும் புளியும் பட்டால் களிம்பு ஏறும். உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் என்று வாயில் சொன்னாலும் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அதனால் பூசுகிறவரிடம் சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம். முடிந்தால் கொடுத்துவிட்டு வராமல் பக்கத்தில் நின்று பாருங்கள், பேரப்பிள்ளைகள் இருந்தால் கூட்டிப்போங்கள். கரி நெருப்பில் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார், பதமான சூட்டில் நவச்சாரத் தூளைத் தூவினதும் வெள்ளைப் புகை குப்பென்று எழுந்து மூக்கை அரிக்கும் (பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்), அடுத்த நொடியே ஈயக் குச்சியை உள்ளே ஓர் இழுப்பு இழுத்து, அது உருகி ஓடும்போதே பஞ்சால் சரசரவென்று சுற்றித் துடைப்பார். மஞ்சளாக இருந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளி போல ஆகிவிடும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் பூசின பாத்திரத்தை வெறும் பாத்திரமாக அடுப்பில் வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடாதீர்கள். புளி போட்டுத் தேய்ப்பதெல்லாம் வெளிப்பக்கம் மட்டும்.

அப்புறம் அந்தப் பேர். விசேஷ வீட்டுக்கு நாலு வீட்டு அண்டா குண்டாவும் வந்து சேரும், பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்தபின் எது யாருடையது என்று பேர் பார்த்துத்தான் பிரிப்பார்கள். தொலையாமல் இருக்கட்டும் என்று வெட்டியதுதான், பாசமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மூடியில் இடம் இருந்தால் உங்கள் பேரையும் கீழே வெட்டச் சொல்லுங்கள். பெரிய பாத்திரக் கடைகளில் இன்றும் வெட்டித் தருகிறார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பழைய சார்ஜர், ஓடாத கடிகாரம், மை காய்ந்த பேனா எதையும் போட விடமாட்டேன் என்கிறார். கேட்டால் எல்லாம் ஞாபகமாம்!
– வாசகி, தாராபுரம்

பதில்: சார்ஜருக்கெல்லாம் ஞாபகம் கிடையாதுங்க அம்மிணி. கடிகாரம் சாவி கொடுக்கிற ரகமாக இருந்தால் அவரையே ரிப்பேருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், ஓடினால் சுவரில் மாட்டலாம். மிச்சத்தை அவர் ஊருக்குப் போகிற நாளாகப் பார்த்து அப்புறப்படுத்துங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஆட்டுக்கல்லில் ஆட்டின மாவின் ருசி கிரைண்டர் மாவுக்கு வருமா? அந்தக் காலத்து நிம்மதியே தனி. ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகர், பல்லடம்

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். அந்தக் கல்லில் எத்தனை நாள் நீங்கள் உட்கார்ந்து ஆட்டினீர்கள்? இடது கையால் அரிசியைத் தள்ளிக்கொண்டு வலது கையால் குழவியைச் சுற்றி, தோள்பட்டை இற்றுப்போக ஆட்டி முடித்தது உங்கள் அம்மாவும் அக்காவும்தானே? நிம்மதி சாப்பிட்டவர்களுக்கு இருந்தது.

நம் ஊர்க்காரர்கள் அதற்கு வழி செய்ததைத்தான் நான் பெருமையாக நினைக்கிறேன். நீலகிரியில் இருக்கிற பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து 1932இல் கோவைக்கு மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. கோவைத் தொழிலதிபர்கள் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937இல் மோட்டாரை இங்கேயே செய்தார்கள். 1955இல் கோவையில் சபாபதி என்பவர் கல்லையும் மோட்டாரையும் சேர்த்து கிரைண்டர் ஆக்கினார். இன்றைக்கு கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே (இந்த ஊருக்கே உரிய பொருள் என்கிற அரசு முத்திரை) இருக்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால் கல்லை யாரும் விடவில்லை. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்தான் உள்ளே சுற்றுகிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் அசையாது. பழைய பெரிய கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நிற்கும். மிக்ஸி பிளேடு மாதிரி மாவைச் சூடாக்காமல் கல் மெதுவாக அரைப்பதால்தான் இட்லி பூப்போல வருகிறது. ருசி குறைகிறது என்றால் உளுந்தைப் பாருங்கள், கிரைண்டரைத் திட்டாதீர்கள்.

வீட்டில் ஆட்டுக்கல் இருந்தால் தூக்கி எறியவும் வேண்டாம். துவையலுக்கு ஒரு கைப்பிடி, பண்டிகைக்குக் கொஞ்சம் என்று எப்போதாவது ஆட்டுங்கள். நீங்களே ஆட்டுங்கள்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தில் நாற்காலி போட்டுவிடுவார்கள். அப்பா காலத்துப் பவானி ஜமக்காளம் நாலு பீரோ மேலே தூங்குகிறது. அதை வைத்துக்கொண்டு இனி என்ன பிரயோஜனம்?
– வாசகர், அந்தியூர்

பதில்: பவானிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீங்களே இப்படிக் கேட்கலாமா? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணி வந்து இறங்கித் தறிக்காரர்கள் பிழைப்பில் மண் விழுந்தபோது, அதோடு போட்டி போட முடியாமல் தடித்த வண்ண நூலை எடுத்து நெய்ய ஆரம்பித்த சரக்கு அது. குழிக்குள் காலை விட்டுக்கொண்டு மிதித்து மிதித்து நெய்தது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு, ஆனால் குழித்தறியில் உட்காருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மண்டபத்தில் நாற்காலி இருக்கட்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டுக்குச் சொந்தபந்தம் வந்து நிறையும் அல்லவா, அன்றைக்கு நாலையும் விரித்துவிடுங்கள். நாற்காலியில் ஆளுக்கு ஓர் இடம், உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஜமக்காளத்தில் யார் வந்தாலும் "கொஞ்சம் நகருங்க" என்று சொன்னால் இடம் கிடைத்துவிடும், பேசாமல் இருந்த பங்காளிகூட முட்டி இடிக்கிற தூரத்தில் வந்து உட்கார வேண்டியிருக்கும். அப்படி உட்கார்ந்து எத்தனையோ மனஸ்தாபம் தீர்ந்திருக்கிறது, ஒன்றிரண்டு புதிதாகக் கிளம்பியும் இருக்கிறது.

பராமரிப்பு பெரிசாக ஒன்றுமில்லை. பருத்திக்கு ஈரம் ஆகாது. மடித்த மடிப்பிலேயே வருஷக்கணக்கில் வைத்தால் அந்த இடத்தில் இற்றுப்போகும், அதனால் சுருட்டி வையுங்கள், அவ்வப்போது வெயில் காட்டுங்கள். சாயம் போகலாம், வேட்டியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள்.

கேள்வி: சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, வாடகை வீடு. என்னிடம் பழைய பொருள் என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் ஆன்லைனில் வாங்கியது, ரெண்டு வருஷத்தில் மாற்றிவிடுவேன். இந்த போன்மேல் எல்லாம் பின்னாளில் எனக்குப் பாசம் வருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.
– வாசகர், கோவை

பதில்: போனுக்குள் இருக்கிற போட்டோமேல் வரும் தம்பி. போன்மேல் வர வாய்ப்பு குறைவு, அது பழகப் பழக மெதுவாகிக்கொண்டே போகிற ஜாதி. பழகப் பழக நல்லதாகிற பொருளாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பரம்பரைச் சொத்தாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? வாரச் சந்தைக்குப் போய் ஓர் இரும்புத் தோசைக்கல் வாங்குங்கள், நான்ஸ்டிக் வேண்டாம். கல்லைக் கழுவி, சாதம் வடித்த கஞ்சியில் ரெண்டு மூன்று நாள் ஊறப்போட்டு (கஞ்சியைத் தினம் மாற்றணும்), தேய்த்துத் துடைத்து, நல்லெண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, மறுநாள் அடுப்பில் காயவைத்துப் பாதி வெங்காயத்தைக் குத்திப் பிடித்துக் கல் முழுக்கத் தேயுங்கள். சோப்புப் போடவே கூடாது, ஈரத்தோடு விட்டால் விடிவதற்குள் துரு ஏறிவிடும். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள், ரெண்டையும் ஒரே கல்லில் போட்டால் தோசை ஒட்டும். உங்கள் அறைத்தோழர் அதில் ஆம்லெட் போட வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள், அந்த அளவுக்கு உரிமை வந்துவிட்டால் நீங்கள் கேட்ட பாசம் ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் தோசை பிய்ந்துதான் வரும், கல்லைக் குறை சொல்லாமல் பொடி தூவிச் சாப்பிட்டுவிடுங்கள்.