நிறுவனம் கிளம்பும் நாளில் கணினி யாருக்கு?

கேள்வி: என் மகள் கோலாலம்பூர் செந்தூலில் அரசின் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். ஒரு தனியார் நிறுவனம், “பள்ளி நிர்வாகத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கணினி அறை போட்டுத் தருகிறோம், அமெரிக்காவில் இப்படித்தான்” என்கிறது. மாணவருக்கு மாதக் கட்டணம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஐந்தாண்டு ஒப்பந்தம் போடலாமா?

பதில்: நிர்வாகம் உங்கள் சங்கத்தின் கையில் இருந்தால்தானே தூக்கிக் கொடுக்க முடியும்! பகுதி உதவி பெறும் பள்ளி என்றாலும் தலைமையாசிரியரையும் ஆசிரியர்களையும் அனுப்பிச் சம்பளம் கொடுப்பது கல்வியமைச்சு. நிலம், கட்டடம் என்றால் மேலாளர் வாரியத்தைக் கேட்க வேண்டும். ஆக, அவர்கள் விற்க வந்திருப்பது கணினி அறையும் அதில் நடக்கும் வகுப்பும்தான். அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகள் உண்டு: பணம் அரசுடையது, ஆனால் தனி வாரியங்கள் நடத்துபவை. லாப நோக்குள்ள நிறுவனத்தை நிர்வாகத்துக்கு அமர்த்திக்கொள்ள அவற்றுக்குப் பல மாநிலங்களில் சட்டமே இடம் தருகிறது. ஒஹாயோவில் சில பள்ளிகள் ஒயிட் ஹாட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனத்திடம் அரசு தந்த பணத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டைக் கொடுத்துவந்தன. அதில்தான் மேசை, நாற்காலி, கணினி எல்லாம் வாங்கப்பட்டன. பிரியும்போது, ‘பொருள்கள் எங்களுடையவை, வேண்டுமானால் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றது நிறுவனம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015இல் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. பள்ளிகள் கையெழுத்தும் போட்டிருந்தன.

நிறுவனமே ஆட்டம் காணலாம் என்பதற்கு இன்னொரு உதாரணம் எடிசன் ஸ்கூல்ஸ், அரசுப் பள்ளிகளை ஒப்பந்தத்தில் நடத்திய அமெரிக்க நிறுவனம். 1999இல் 18 டாலருக்கு விற்ற அதன் பங்கு, பிலடெல்பியாவில் 20 அரசுப் பள்ளிகள் கைக்கு வந்த 2002இல் ஒரு டாலருக்கும் கீழே போனது. இதையெல்லாம் விற்பனைக்கு வருபவர் சொல்லமாட்டார்.

நம் நாட்டிலும் வெளியார் பள்ளிக்குள் வந்ததுண்டு. அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் உருவாக்கிய யயாசான் அமிர், 2011 முதல் கல்வியமைச்சோடு சேர்ந்து சில அரசுப் பள்ளிகளில் வேலை செய்தது. ஆனால் அது லாப நோக்கமில்லாத அறவாரியம், அமைச்சும் கூடவே இருந்தது. அதைக் காட்டி உங்களிடம் யாரும் பேரம் பேச முடியாது.

சரி, கணினி அறை வேண்டும்தான் என்றால் முதலில் தலைமையாசிரியரிடம் போங்கள். கட்டணம் வசூலிப்பது பற்றி அவர் வழியாகக் கல்வி இலாகாவைக் கேட்டுவிடுங்கள். ஐந்தாண்டு வேண்டாம், ஓராண்டு போதும். பொருள் வாங்கிய அன்றே பள்ளிக்குச் சொந்தம், கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கும் இடம் உண்டு, பிள்ளைகளின் விவரங்கள் வெளியே போகாது: இவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். சங்கமே நாலைந்து கணினி வாங்கிப் போட்டுத் தொடங்கலாம்.